மாலையில் விடுவிக்கப்பட்டார்கள்

தமிழ்ப் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கங்களில் எழுத்து மாறாமல் வரும் ஒரு செய்தி உண்டு. அரசு அலுவலகம் முன்பு மறியல். இத்தனை பேர் கைது. தனியார் திருமண மண்டபத்தில் வைக்கப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டார்கள். செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் என்று ஊர்ப் பெயரை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். போராடுகிறவர்களும் போலீஸாரும் எழுதாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கோஷம் போடுகிறவர்கள் போடுவார்கள். பிறகு வேனில் ஏறுவார்கள். மண்டபத்தில் தக்காளி சாதப் பொட்டலம் வரும். பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு, பொழுது சாயும்போது அனுப்பிவிடுவார்கள்.

இதை ஜனநாயகத்தின் பெருமை என்று யாரும் கொண்டாடியதில்லை. கொஞ்சம் நாடகம், கொஞ்சம் சலிப்பு. ஆனால் அதற்குள் ஒரு உத்தரவாதம் இருந்தது. எதிர்த்துப் பேசப் போனவர் அன்றிரவு வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்த உத்தரவாதம் எவ்வளவு மெல்லியது என்பதை 2023 நவம்பரில் செய்யாறு காட்டியது. விழுப்புரம் மாவட்டத்து வல்லத்திலிருந்து வடக்கே, வந்தவாசி தாண்டிப் போனால் வரும் ஊர். திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும் மண்ணும் பயிரும் பேச்சும் செஞ்சிச் சீமையைப் போலத்தான். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்காக மேல்மா உள்ளிட்ட கிராமங்களில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க அரசு முடிவு செய்தது. அதை எதிர்த்து 2023 ஜூலை தொடக்கத்தில் உட்கார்ந்த விவசாயிகள் நூறு நாளைத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. நவம்பர் 4-ஆம் தேதி அவர்களில் 20 பேர் கைது செய்யப்பட்டார்கள். மாலையில் யாரும் வீடு திரும்பவில்லை. சில நாட்களில் அவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி கண்டித்தார்; ஆளும் கூட்டணிக்குள் இருந்த கட்சிகளும் முகம் சுளித்தன. குடும்பத்தினர் கொடுத்த மனுவின் பேரில் என்று சொல்லி, ஆறு பேர் மீதான குண்டர் சட்டத்தை ரத்து செய்வதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஏழாமவர் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்து விவசாயிகளை ஒருங்கிணைத்த செயற்பாட்டாளர். அந்த அறிவிப்பில் அவர் இல்லை. நிலத்துக்காரரை விட்டுவிடலாம், நிலத்துக்காரருக்குத் துணை போனவரை விட முடியாது என்ற கணக்கு அதில் தெரிந்தது. கிராமத்துக்கு வெளியே இருந்து வருகிறவர் என்றாலே ‘தூண்டிவிடுபவர்’ என்பது எல்லா ஆட்சிகளுக்கும் பழகிப்போன வசனம்.

குண்டர் சட்டத்தின் கதை தனி. 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள், ரவுடிகள், நில அபகரிப்பாளர்கள் போன்றவர்களுக்காக என்று சொல்லப்பட்டது. திருட்டு விசிடி, மணல் கடத்தல், சைபர் குற்றம், பாலியல் குற்றம் என்று பின்னால் வந்த ஆட்சிகள் பட்டியலை நீட்டிக்கொண்டே போயின. குறைத்த ஆட்சி கிடையாது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, ‘இனி செய்யக்கூடும்’ என்ற கணிப்பு போதும். அறிவுரைக் கழகம் என்று ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட ஒரு குழு பரிசீலிக்கும். அதன் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

உயர் நீதிமன்றம் இந்த உத்தரவுகளைக் கட்டுக்கட்டாக ரத்து செய்கிறது. அதனால் யாருக்கும் பெரிய நிம்மதி இல்லை, ஏனென்றால் ரத்தாகும் வரை ஆள் உள்ளே. 2017 மே மாதம், ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெரினாவில் அஞ்சலி செலுத்தப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி கைதானார், குண்டர் சட்டம், செப்டம்பரில் உத்தரவு ரத்து. அதே ஆண்டு ஜூலையில் சேலம் மாணவி வளர்மதி கைதானார். நெடுவாசல், கதிராமங்கலம் எண்ணெய்-எரிவாயு எதிர்ப்புப் போராட்டங்களை ஆதரித்துத் துண்டறிக்கை கொடுத்தது அவர் செய்த காரியம். அவருக்கும் குண்டர் சட்டம். அவருக்கும் செப்டம்பரில் ரத்து. துண்டறிக்கை கொடுத்த கல்லூரி மாணவியைச் சாராய வியாபாரியின் வரிசையில் நிறுத்த அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்து இதைக் கண்டித்தவர் ஸ்டாலின். நெருக்கடி நிலையின்போது 1976-ல் மிசாவில் சிறைக்குப் போனவர் அவர். விசாரணை இல்லாத சிறை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து அவர் ஆட்சியில் மேல்மா, கண்டித்தவர் பழனிசாமி. நாற்காலி மாறியது, வசனமும் கூடவே மாறிக்கொண்டது.

வல்லத்துக்கு வருவோம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், சாலையோரத்து ஊர். ஒன்றியத் தலைமையிடம் என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலகம் உண்டு. தாசில்தாரைப் பார்க்கச் செஞ்சி, கலெக்டரைப் பார்க்க விழுப்புரம். இங்கே போராட்டம் என்றால் பெரிய கொள்கை விவகாரம் இல்லை. நூறு நாள் வேலைக்குக் கூலி வரவில்லை, குடிதண்ணீர் வரவில்லை, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லுக்கு விலை இறங்கிவிட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அடுத்த சில நாட்கள் விழுப்புரம் மாவட்டச் சாலைகளில் நிவாரணம் கேட்டு மறியல் மேல் மறியல்; இருவேல்பட்டில் அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. அரசாங்கம் வந்து பார்க்க வேண்டும் என்றால் சாலையில் உட்கார வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம். மனு கொடுத்தால் ரசீது வரும். மறியல் செய்தால் ஆர்.டி.ஓ. வருவார்.

சட்டப்படி உட்கார வேண்டும் என்றால்? அங்கேதான் 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் குறுக்கே நிற்கிறது. சிப்பாய்க் கலகம் அடங்கியதும் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அதன் 30(2) பிரிவு, ஊர்வலமும் கூட்டமும் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே உரிமம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. பதற்றம் வரும் நாட்களில் ஒழுங்குபடுத்துவதற்கான ஏற்பாடு. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இது பதினைந்து பதினைந்து நாளாக நீட்டிக்கப்பட்டு, பதற்றம் இல்லாத நாளிலும் அமலில் இருக்கிறது. சென்னையில் இதே வேலையை 1888-ஆம் ஆண்டின் நகரப் போலீஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு செய்கிறது. ஐந்து நாளைக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதை உரிமை என்கிறது; இன்ஸ்பெக்டர் மேஜையில் அது விண்ணப்பம். கப்பம் கட்ட மறுத்து ஆர்க்காட்டு நவாபுடன் 1714-ல் மோதி மாண்ட தேசிங்கு ராஜனின் கதையைக் கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்தது இந்தச் செஞ்சிப் பக்கம். தேசிங்கு அன்று ஐந்து நாள் முன்னதாக மனு போட்டிருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும்.

அனுமதி எல்லோருக்கும் ஒன்று போலவும் இல்லை. 2025 மார்ச்சில், நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ரூ.4,034 கோடி பாக்கி வைத்திருக்கிறது என்று அன்று ஆளும் கட்சியாக இருந்த தி.மு.க.வே மாநிலம் முழுக்க ஒன்றியங்களில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. கோரிக்கை நியாயமானது. அதே கூலிக்காக அதே இடத்தில் கொடி இல்லாத பெண்கள் இருபது பேர் கூடினால் முதலில் எழும் கேள்வி, ‘பர்மிஷன் வாங்கினீங்களா?’

கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நுழைவாயிலிலேயே பையைச் சோதிப்பது இன்று வழக்கம். அதற்குக் காரணம் ஒரு கொடுமை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக்கு ஆளான ஒரு குடும்பம், இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்து இறந்தது. முன்பே பலமுறை மனு கொடுத்த குடும்பம் அது. அதிகாரிகளைச் சாடி அந்தச் சம்பவத்தைக் கார்ட்டூனாக வரைந்த பாலாவை அடுத்த மாதமே போலீஸ் கைது செய்தது. மண்ணெண்ணெயைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு எல்லா மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. மனுவைப் படிக்கும் ஏற்பாடு அவ்வளவு வேகமாக வந்ததாகச் சொல்ல முடியாது.

கிராமத்தில் லத்தியைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ‘கேஸ் விழுந்துடும்’ என்பார்கள். இந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு வீட்டின் எதிர்காலமே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் பையன்கள் விடியற்காலையில் ஓடுவது உடம்புக்காக மட்டும் இல்லை; சீருடைப் பணியாளர் தேர்வுக்காக. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, விண்ணப்பதாரர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானாலும் ‘சம்பந்தப்பட்டவர்’ என்றே கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் சொல்லியிருக்கிறது. சாலை மறியலுக்குப் போய், சட்டவிரோதமாகக் கூடியதாக முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறினால், அந்தப் பையனின் காக்கிக் கனவு ஆட்டம் காணும். பாஸ்போர்ட் எடுத்துச் சிங்கப்பூரோ வளைகுடாவோ போக நினைப்பவனுக்கும் இதே கதை. சரிபார்ப்புக்கு வரும் போலீஸ்காரர் முதலில் பார்ப்பது வழக்கு இருக்கிறதா என்பதை. பெயர் ஏறாதவருக்கும் நிம்மதி இல்லை. அறிக்கையின் கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பலரில் யாரை வேண்டுமானாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கூடங்குளம் அணு உலை எதிர்ப்பின்போது இடிந்தகரைப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு போட முடிந்தது இப்படித்தான். அம்மாக்கள் பிள்ளைகளைப் போராட்டத்துக்கு அனுப்பாமல் இருப்பதற்குத் துப்பாக்கி தேவைப்படுவதில்லை.

துப்பாக்கியும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1987 செப்டம்பர் 17-ல் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் தொடங்கிய ஒரு வாரச் சாலை மறியலின்போது, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சுற்றிப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் இறந்தார்கள். முதல்வர் எம்.ஜி.ஆர். அப்போது சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். 1989-ல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் ஒதுக்கியது. அந்த 21 பேருக்கும் விழுப்புரத்தில் கட்டிய மணிமண்டபத்தை 2025 ஜனவரியில் ஸ்டாலின் திறந்துவைத்தார். அரசு சுட்டவர்களுக்கு அரசே மண்டபம் கட்ட 37 ஆண்டுகள் ஆயின. அதே மறியலின்போது தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதும் நடந்தது. அந்த வீடுகளுக்கு மணிமண்டபம் கிடையாது. போராட்டம் என்றாலே அது புனிதம் என்று பேசுகிறவர்கள் அந்தச் சாம்பலுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடியில் 2018 மே 22-ல் நடந்ததற்கு அப்படி இரண்டு பக்கம் பார்க்க வேண்டிய அவசியம் குறைவு. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது சுட்டதிலும் மறுநாள் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் சேர்த்து 13 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 17 வயதுப் பெண்ணும் ஒருத்தி. பக்கத்து மாவட்டங்களிலும் சேர்த்து இணையம் துண்டிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து, போலீஸ் எல்லை மீறியது என்று எழுதியது. 17 போலீஸார் மீதும் அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற அதிகாரி ஒருவரும் இல்லை. ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலை உரிமையாளரான வேதாந்தாவின் மனுவைத் தள்ளியது. ஆலை விஷயத்தில் மக்கள் சொன்னது எடுபட்டது; சுட்ட விஷயத்தில் எடுபடவில்லை.

தூத்துக்குடிக்குப் பிறகு எந்த ஆட்சியும் சுடுவதற்கு யோசிக்கும். அதனால்தான் முறை மாறியிருக்கிறது என்று தோன்றுகிறது. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் ஒரு நாள் அவர்களின் பந்தல் பிரிக்கப்பட்டது. சிலர் இரவில் வீட்டிலிருந்தே அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஒரு சங்கத்தைப் பதிவு செய்வதற்கான சண்டை இது. 2025 ஜனவரியில் பதிவும் ஆனது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் 13-ஆம் நாள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்ற வழக்கில் அன்றுதான் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 ஜூலையிலிருந்து ஏகனாபுரம் மக்கள் மாலை நேரங்களில் கூடிவந்தார்கள். வெளியாட்கள் ஊருக்குள் போக முடியாதபடி சோதனைச் சாவடி. 2025 ஜனவரியில் நடிகர் விஜய் போனபோதுகூட ஏகனாபுரத்துக்குள் விடவில்லை, பரந்தூரில் ஒரு மண்டபத்தில் சந்திக்க வைத்தார்கள்.

அரசுத் தரப்புக்கும் வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சாலையை மறித்தால் ஆம்புலன்ஸ் நிற்கும். 2025 செப்டம்பர் 27-ல் கரூரில் விஜய் கூட்டத்து நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு, கூட்டங்களுக்கு விதிமுறையே வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டெல்லி ஷாஹீன் பாக் போராட்டம் தொடர்பான வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொது வழியைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க முடியாது, ஒதுக்கிய இடத்தில் போராடலாம் என்றது. மெரினாவில் 90 நாள் உண்ணாவிரதம் இருக்க விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு கேட்டபோது சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு நாள் தந்தார். அமர்வு அதையும் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆனால் ஒதுக்கிய இடம் என்பது பெரும்பாலும் யாரும் பார்க்காத இடம். நெல் விலைக்காகப் போராடுகிறவரை விற்பனைக்கூடத்திலிருந்து நாலு தெரு தள்ளி உட்காரச் சொன்னால், அவர் சொல்வதைக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? நீதிமன்றங்கள் இந்தக் கேள்விக்குள் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இது தமிழ்நாட்டு நோய் மட்டும் இல்லை. 2025 செப்டம்பரில் லடாக்கின் லேவில் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். இரண்டே நாளில், அந்தப் போராட்டத்தை முன்னெடுத்த சோனம் வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜோத்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். லண்டனில் அதே ஆண்டு ஆகஸ்ட் 9-ல், தடை செய்யப்பட்ட ‘பாலஸ்தீன் ஆக்‌ஷன்’ அமைப்பை ஆதரிக்கும் அட்டையைப் பிடித்திருந்ததற்காகப் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஒரே நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கைது. அதில் வயதானவர்கள் ஏராளம். கொழும்புக் காலிமுகத்திடலில் ஒரு ஜனாதிபதியை ஓட வைத்த ‘அரகலய’ போராட்டக்காரர்களின் கூடாரங்களை, அடுத்து வந்தவர் பதவியேற்ற மறுநாள் அதிகாலையிலேயே, 2022 ஜூலை 22-ல், ராணுவம் பிய்த்தெறிந்தது. போராட்டத்தால் நாற்காலி காலியானது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரே போராட்டத்தைக் கலைத்தார்.

2021 செப்டம்பரில், முந்தைய பத்து ஆண்டுகளில் போராட்டக்காரர்கள் மீது போட்ட 5,570 வழக்குகளை வாபஸ் பெறுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வேளாண் சட்டங்கள், குடியுரிமைச் சட்டம், மீத்தேன், நியூட்ரினோ, எட்டு வழிச்சாலை எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் வழக்கு போடப் பயன்பட்ட 30(2)-ம் குண்டர் சட்டமும் அலமாரியில் அப்படியே இருந்தன. இரண்டு ஆண்டுகளில் மேல்மாவுக்கு அவையே போதுமானதாக இருந்தன.

அனுமதி மறுக்கப்பட்டால் வழக்கு போடலாம் என்று சொல்வார்கள். போடலாம். 2022-ல் ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்புக்குத் தமிழ்நாடு அரசு அனுமதி தர மறுத்தபோது அந்த அமைப்பு உயர் நீதிமன்றம் போனது, உச்ச நீதிமன்றம் வரை நின்றது. 2023 ஏப்ரலில் ஜெயித்து, அதே மாதம் 45 இடங்களில் அணிவகுத்தது. அதற்கு மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஆறு மாதம் காத்திருக்கத் தெம்பும் இருந்தது. வல்லத்து நெல் விவசாயிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அவர் போராட வேண்டியது இந்த வாரத்து விலைக்காக. மூட்டை விற்பனைக்கூடத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, அவர் அனுமதி கேட்டு எழுதிய கடிதம் செஞ்சிக் காவல் நிலையத்தில் ‘பரிசீலனையில்’ இருக்கும்.